உருண்டால் நல்லது

உங்கள் வாசற்படி இடுக்கில் முளைத்திருக்கும் புல்லை யாரும் பிடுங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஐயா. பாவம், அது ஒன்றும் செய்யாது. வேர் மேலாகவே ஓடும், சிமெண்டைப் பெயர்க்காது. உள்ளே நுழையும்போதே கவனித்தேன். ஓர் இடத்துக்குப் போனால் மற்றவர்கள் அங்கே இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள், என் கண் தரைக்குத்தான் போகும். முப்பத்தோரு வருட உத்தியோகம் அப்படிப் பழக்கிவிட்டது.

என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், மேய்ச்சல் நிலத்துத் தீயில் இறந்துபோனதை விசாரிக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று என் தங்கை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கோப்பில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் நானாகவே வந்தேன்; யாரும் என்னை இழுத்துக்கொண்டு வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். புல்லை விட்டுவிட்டால் மீதி எதுவும் உங்களுக்குப் புரியாது.

மேய்ச்சல் நிலப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஜன்னல் ஓரத்து மேசை என்னுடையது. மாடு, குதிரை, ஆடு வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்தில் புதிதாக எது முளைத்தாலும் வேரோடு பிடுங்கி என்னிடம் கொண்டுவருவார்கள். பிளாஸ்டிக் பையில் வரும், பழைய பேப்பரில் வரும், ஒருவர் தன் காலுறைக்குள் போட்டுக்கூடக் கொண்டுவந்தார். வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல வேண்டும். கெட்டது என்றால் நிலத்துக்கு நோட்டீஸ் போகும். நல்லது என்றால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். மருத்துவரின் முகத்தைப் பார்க்கிற மாதிரிதான் என் முகத்தையும் பார்ப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

எங்கள் பகுதியில் மேய்ச்சலைக் கெடுக்கும் களைகளில் மோசமானது, எங்கிருந்தோ கப்பலேறி வந்த ஒரு புல். ரம்பப்புல் என்று அலுவலகத்தில் சொல்வோம். பார்த்தால் சாது. நாட்டுப்புல்லைப் போலவே கொத்துக் கொத்தாக வளரும். தூரத்திலிருந்து பார்த்தால் பழகியவனே ஏமாந்துபோவான். மாடு முதலில் அதை மோந்துவிட்டு ஒதுங்கிவிடும். வேறு வழியே இல்லை என்று ஆனால் தின்னும். ஆனால் செரிக்காது. வெறும் நார். மாடு வயிறு நிறையத் தின்று, நிறைந்த வயிற்றோடு பட்டினியில் சாகும். இதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. எவ்வளவு பொறுமையான புல் பாருங்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். ஓர் இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். நாட்டுப்புல்லின் இலைக்குத் தட்டையான பக்கம் உண்டு. சரியாக உருளாது, விரலில் தட்டித் தட்டி நிற்கும். ரம்பப்புல்லின் இலை தையல் ஊசி மாதிரி வழுக்கிக்கொண்டு உருளும். உருண்டால் கெட்டது, தட்டினால் நல்லது. அவ்வளவுதான். கண் தெரியாதவன்கூடச் சொல்லிவிடலாம்.

என் தங்கையை வீட்டில் பாப்பா என்போம். எனக்கு இருபத்திரண்டு வயது இளையவள். அம்மா அவளைப் பெற்ற கையோடு போய்விட்டார். அவளுக்குப் பத்தொன்பது ஆகும்போது அப்பாவும் போனார். பிறகு ஒன்பது வருடம் நானும் அவளும்தான். காலையில் என் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியின் முதுகில் தொங்கும். லென்ஸ் துடைக்கும் துணியைத் தனியாகத் துவைத்து வைப்பாள். மதியச் சாப்பாட்டை அவளே அலுவலகத்துக்குக் கொண்டுவருவாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து, தெருவில் அன்று யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வந்த வரன்களையெல்லாம் நானே நேரில் போய் விசாரித்தேன். ஒருவனுக்கு நடை சரியில்லை. ஒருவன் சிரித்தால் ஈறு தெரிந்தது. இன்னொருவன் தன் அம்மாவை அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஆள். பாப்பாவும் ஒவ்வொரு தடவையும், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் அண்ணா" என்று விட்டுவிடுவாள்.

மாப்பிள்ளை என் அலுவலகத்துக்குத்தான் முதலில் வந்தார். மாடு வளர்ப்பவர். தொப்பி நிறையப் புல்லோடு வந்து காத்திருந்தார். நான் பின்னால் கை கழுவிவிட்டு வருவதற்குள், பாப்பா என் சாப்பாட்டில் பாதியை அவருக்குத் தட்டில் போட்டுக் கொடுத்திருந்தாள். பசியாக இருந்தாராம். அவரும் கூச்சமே இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு தட்டில் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை அவள் என்னை விசாரிக்கச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

கல்யாணத்தை நானே முன்னால் நின்று நடத்தினேன். அப்பாவின் மேய்ச்சல் நிலத்தில் என் பங்கையும் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். இப்படி ஓர் அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் அந்த நிலத்திலேயே வீடு போட்டுக் குடியேறினார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பதினோராவது மாதம் பாப்பா ஒரு பையோடு அலுவலகத்துக்கு வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள், நன்றாகச் சிரித்தாள். பையில் இரண்டு கொத்துப் புல்.

"அண்ணா, இது ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? அவரு வேறங்கிறாரு. எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

பையைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று நாட்டுப்புல். இன்னொன்று ரம்பப்புல். முந்தைய கோடையில் வெளியிலிருந்து வாங்கிய வைக்கோலில் விதை வந்திருக்கும். எத்தனை கொத்து இருக்கிறது என்று கேட்டேன். வேலி ஓரத்தில் ஏழெட்டு இருக்கும் என்றாள். ஒரு மண்வெட்டியும் அரை மணி நேரமும் போதும். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமே மாசாமாசம் வர முடியாதுண்ணா. கன்னுங்க நிறைய ஆயிடுச்சு. ஒழிஞ்சப்ப வர்றேன். நீயும் எங்களையே நெனச்சுக்கிட்டு உக்காராதே, என்ன."

அதை அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் ரம்பப்புல்லின் ஓர் இலையைக் கிள்ளி அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். "உருட்டிப் பாரு. எப்படி இருக்கு?"

"ஊசி மாதிரி ஓடுதுண்ணா."

"இப்ப இதை உருட்டு."

"இது தட்டுது."

"தட்டுதுல்ல? அதுதான் ரம்பம். உருண்டா நல்லது, தட்டினா கெட்டது. தட்டுறதையெல்லாம் பிடுங்கி எரிச்சிடு. ஒண்ணு விடாதே. மாசம் ஒரு தடவை பிடுங்கினதுல கொஞ்சம் கொண்டுவந்து காட்டு, நான் சரி பாக்கிறேன்."

"அப்ப மாசாமாசம் வரணும்" என்று சிரித்தாள்.

சுவரில் விளக்கப் படத்தோடு துண்டுப் பிரசுரம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதியதுதான். அவள் ஒன்றைக் கிழித்துக்கொள்ளப் போனாள். அண்ணன் இருக்கும்போது அதெல்லாம் எதற்கு என்றேன். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பையைத் திறந்து தட்டில் கொட்டுவாள். எல்லாம் நல்ல புல். அப்பா காலத்திலிருந்து மாடுகள் தின்று வளர்ந்த புல், வேர் முறியாமல் அவ்வளவு சுத்தமாகப் பிடுங்கப்பட்டிருக்கும். நான் ஒவ்வொரு கொத்தாகப் பார்த்து, சபாஷ், ஒன்றுகூடத் தப்பில்லை என்பேன். பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கிய மாதிரி அவள் முகம் மலரும். எப்போதாவது தவறுதலாக ஒரு ரம்பப்புல் கலந்திருந்தால் எடுத்துக் காட்டிக் கண்டிப்பேன். "பாவம், இதை ஏன் பிடுங்கின? இது நல்லதாச்சே." அடுத்த மாதம் இன்னும் கவனமாக வருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போவேன். குடையும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடப்பேன். அவள் மண்டியிட்டு, ஓர் இலையைக் கிள்ளி, உருட்டி, தட்டினால் களைக்கொத்தால் நெம்பிப் பிடுங்குவாள். உருண்டால் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்வாள். ஒரு நாளைக்கு மூன்று சாக்கு. நகக்கண்ணில் மண் ஏறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நான்தான் மருந்து வாங்கிப் போவேன். அவள் நல்ல புல்லைப் பிடுங்கிய குழி ஒவ்வொன்றிலும் அடுத்த மழைக்கு ரம்பப்புல் முளைத்தது. அவ்வளவு சீராக நிலத்தைப் பிடித்ததை என் உத்தியோகத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விதை முற்றும் காலத்தில் நிலம் முழுக்க மெல்லிய ஊதா நிறம் படியும். பாப்பா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்து, "எவ்வளவு அழகா இருக்குல்லண்ணா" என்பாள். அழகாகத்தான் இருந்தது.

நான்காவது வருடம் அவள் உண்டாகியிருந்தாள். குனியக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அது விதை விழும் பருவம். ஒரு வாரம் விட்டால் பண்ணிய வேலையெல்லாம் வீணாகிவிடுமா என்று என்னிடம் கேட்டாள். ஆகிவிடும் என்றேன். பத்து நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பினாள். அந்த மாதமும் பையைக் கொண்டுவந்தாள். அன்று நான் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளைக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது. அவருக்குப் புல் தெரியாது, மாடு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னார், "நீங்க நல்லதுன்னு சொல்ற புல்லை மாடு மோந்துட்டுப் போயிடுது மச்சான். வாய் வைக்க மாட்டேங்குது."

"மாடு பரீட்சை எழுதியா பாஸ் பண்ணியிருக்கு, மாப்பிள்ளை? பசிச்சா தின்னும்."

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. மாடுகளுக்குப் பசித்தது, தின்றன. ஐந்தாவது வருடம் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. வயிறு உருண்டையாக, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு உட்காரும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. மாப்பிள்ளை ஒரு பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் கொஞ்சம் தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

கால்நடை மருத்துவர் வந்து செத்த மாட்டை அறுத்துப் பார்த்தார். "வயிறு நிறைய இருக்கு, ஆனா பட்டினியில செத்திருக்கு. எனக்கே புரியல" என்றாராம். வயிற்றிலிருந்து ஒரு பிடி எடுத்து, பாட்டிலில் போட்டு, என்ன புல் என்று கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார். எங்கள் அலுவலகத்தில் புல் என்றால் அது என் மேசைதான். பாதி மென்று ஊறிப்போன இலையைக்கூட நான் விரலில் உருட்டிப் பார்த்தேன். உருண்டது. சீட்டில் ‘நாட்டுப்புல், தீங்கற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மருத்துவர் நல்ல மனிதர். தண்ணீரைச் சோதித்தார், தொட்டியைச் சோதித்தார், பூச்சி மருந்து கொடுத்தார், மாப்பிள்ளை வெளியில் வாங்கிப் போட்ட தீவனத்தின் மேல் பழியைப் போட்டார். பக்கத்து நிலத்துக்காரர் களை பரவுகிறது என்று இரண்டு முறை எழுதிப் புகார் கொடுத்தார். புகார்களும் என் மேசைக்குத்தான் வரும்.

வீட்டில் இருவருக்கும் வேறு பேச்சே இல்லாமல் போனது. பிடுங்குவதை நிறுத்து என்று அவர் சொல்வார், முடியாது என்று இவள் நிற்பாள். ஒரு நாள் அவர் தானே ஒரு கொத்தைப் பிடுங்கி, பார்சல் கட்டி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வைத்திருந்தார். பாப்பா அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டாள். பஸ் முழுக்க அழுதிருக்கிறாள்.

"உனக்கு மேல ஒருத்தரைக் கேக்கணுமாம்ணா. எனக்கு வெக்கமாப் போச்சு. நீ மனசுல வச்சுக்காதே."

வைத்துக்கொள்ளவில்லை என்றேன். பார்சலைப் பிரித்துப் பார்த்தேன். நல்ல, முதிர்ந்த ரம்பப்புல், விதையோடு. மனிதர் சரியானதைத்தான் பிடுங்கியிருந்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அதற்குப் பிறகு அவர் மாட்டுக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

எட்டாவது வருடம் எனக்கு ஓய்வு வந்தது. மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். என் இடத்துக்கு ஓர் இளம்பெண் வந்தாள். எல்லா நிலத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள்; புதிதாக வருபவர்கள் எல்லாருக்கும் ஆரம்பத்தில் இருக்கிற சுறுசுறுப்புதான். ஜீப்பிலிருந்து இறங்கி அப்பாவின் நிலத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் வேலி ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்தாளாம். பிறகு கேட்டைத் திறந்து உள்ளே போய், ஓர் இலையைக் கிள்ளி உருட்டினாளாம். "இவ்வளவு ரம்பப்புல்லை எப்படிங்க விட்டு வச்சீங்க?" என்றாளாம். அப்போது நிலத்தில் மிச்சமிருந்தது நான்கு மாடுகள்.

பாப்பா அன்று மதியமே என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாள். அவள் அப்படிச் செய்பவள் இல்லை.

"அண்ணா, அன்னைக்கு நீ என்ன சொன்ன? உருண்டா நல்லதுன்னா, உருண்டா கெட்டதுன்னா?"

ஐயா, இந்த இடத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். பதில் சொல்வதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு என்று சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்து வரவில்லை. தான் எங்கே பிசகினோம் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். பதிலைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், நான் தலையை ஆட்டினால் போதும்.

"உருண்டா கெட்டதுன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்வேன், பாப்பா?"

"அப்ப நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்."

"சின்னப் பொண்ணு நீ. கல்யாணமான புதுசு. கவனம் எங்கயோ இருந்திருக்கும்."

"நீ மாசாமாசம் பாத்தியேண்ணா."

"நீ கொண்டுவந்த பையில நல்ல புல்லுதான் இருந்துச்சு. எதை வச்சுக்கணும்னு நீ காட்டுறதா நான் நெனச்சேன். நீயும் வேற மாதிரி சொல்லல."

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பின்னாலேயே நடந்ததை அவள் கேட்கவில்லை, அண்ணன் மேல் தப்பிருக்கும் என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. அவள் தரையில் உட்கார்ந்தாள். எட்டு வருடத்தையும் வரிசையாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். மாடுகள், அந்தக் குழந்தை, கொட்டகையில் படுக்கும் புருஷன். நான் உள்ளே போய் அவளுக்குத் தேநீர் போட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன், அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும். என்னை மன்னித்துவிடு அண்ணா, உன் பெயரையும் கெடுத்துவிட்டேன் என்றாள். பரவாயில்லை என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை வந்தார். அவர் என் வீட்டுக்குத் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. ஆள் பாதியாகியிருந்தார். பாப்பா எல்லாவற்றையும் சொல்லி அவர் காலில் விழுந்திருக்கிறாள். அவர் அவளைத் திட்டவில்லையாம், தூக்கி உட்காரவைத்தாராம். அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு நன்றாக இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவன் திட்டாமல் இருப்பான் என்று நான் கணக்குப் போடவில்லை. அவள் என்னிடம் வந்துவிடுவாள் என்று நினைத்து, வீட்டில் அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

"உங்களை சந்தேகப்பட்டேன் மச்சான், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். "அவ பாவம். ஏதோ ஆயிடுச்சு. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். இதை எப்படி அழிக்கிறதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அப்படியே செய்றேன்."

எட்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கொளுத்துங்கள் என்றேன். அது சரியான வழிதான். சில நிலங்களில் நாங்களே செய்வோம். ஆறு பேர் வேண்டும், தண்ணீர் வண்டி வேண்டும், சுற்றிலும் பத்தடி அகலத்துக்கு மண்ணை வெட்டிவிட வேண்டும். ஏனென்றால் காய்ந்த ரம்பப்புல் எண்ணெய் ஊற்றிய மாதிரி பிடிக்கும், கதிர்கள் எரிந்துகொண்டே பறந்து தலைக்கு மேல் போய்ப் பின்னால் விழும். இதெல்லாம் என் பிரசுரத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அவரிடம் ஒன்றை மட்டும்தான் மாற்றிச் சொன்னேன். ஈரச் சாக்கு மாதிரி மெதுவாகப் புகைந்து எரியும், ஓர் ஆள் போதும், நடுவில் நின்று கொளுத்திக்கொண்டு வெளியே வாருங்கள் என்றேன். காற்று அடிக்கிற நாளாகப் பார்க்கச் சொன்னேன், அப்போதுதான் புகை நிற்காது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொளுத்தியிருக்கிறார். பாப்பா வேலிக்கு வெளியே குடத்தில் தண்ணீரோடு நின்றிருக்கிறாள். முழுவதையும் பார்த்திருக்கிறாள்.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். புதிதாக வந்த அந்தப் பெண் உங்களுக்கு அனுப்பிய அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. மாட்டு வயிற்றுப் புல்லைப் பற்றிய சீட்டை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ‘முந்தைய அலுவலர் இக்களையைச் சரியாக அடையாளம் காணத் தவறிவிட்டார், வயதின் காரணமாகப் பார்வையும் தொடு உணர்வும் மங்கியிருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறாள். நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஓர் இலையைக்கூட நான் தப்பாகச் சொன்னதில்லை, ஐயா. கண்ணைக் கட்டிவிட்டு என் கையில் கொடுங்கள், இப்போதும் சொல்கிறேன். பையைத் திறந்த அந்த நிமிடமே எனக்குத் தெரியும். பாட்டிலில் வந்ததும் தெரியும். தீ எப்படி எரியும் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன், தெரிந்துதான் சொன்னேன். தவறிவிட்டார் என்ற அந்த வரியை அடித்துவிடுங்கள். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் தங்கை எழுதிக் கொடுத்ததை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தனக்காகப் பரிந்து பேச நான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது என் வீட்டில் அவளுடைய பழைய அறையில்தான் இருக்கிறாள், காலையில் என் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிறாள். தான்தான் மாற்றிப் புரிந்துகொண்டோம் என்பது அவளுக்குப் பழகிவிட்டது; இப்போது போய் வேறு மாதிரி சொன்னால் தாங்கமாட்டாள். நீங்கள் யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் மனம் நோகும்படி நான் ஒரு நாளும் நடந்துகொண்டதில்லை.